இதய நோய் மாத்திரைகளும் செவிலியரும்: நீலகிரியிலிருந்து ஓர் எளிய விளக்கம்

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர், கால் வீக்கத்தோடு மூன்று மாதமாக எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்துகொண்டிருந்தார். இதயம் பலவீனப்பட்டு உடலில் நீர் கோத்திருந்தது. மருத்துவர் நீர் மாத்திரை எழுதினார். வீக்கம் வற்றவில்லை. அடுத்த மாதம் அளவைக் கூட்டினார். அப்போதும் வற்றவில்லை. மூன்றாம் மாதம் மாத்திரையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த நான், "இதை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் அம்மா?" என்று கேட்டேன். அவர் பின்னால் நின்றவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சிஸ்டர். மற்ற நாளில் காட்டில் எங்கே போய் ஒதுங்குவது?"

நீர் மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் முட்டத் தொடங்கும். ஆறு மணி நேரம் வரை அடிக்கடி போக வேண்டியிருக்கும். காலை எட்டு மணிக்கு மலையில் நிரை பிடித்து நிற்கும் பெண்ணுக்கு, சுற்றிலும் ஆட்கள், மேற்பார்வைக்கு மேஸ்திரி, கழிப்பறை என்று எதுவும் இல்லாத இடத்தில், அந்த மாத்திரை ஒரு தண்டனை. அவர் அதைப் போடாததில் எந்த வியப்பும் இல்லை. நான் மருத்துவரிடம் சொன்னேன். வேலை முடிந்து வீடு திரும்பியதும், மாலை நான்கு மணிக்குப் போடும்படி நேரத்தை மாற்றினார். இரவு பத்து மணிக்குள் வேகம் தணிந்துவிடும், தூக்கமும் கெடாது. இரண்டு வாரத்தில் அந்த அம்மாவின் காலில் செருப்பு ஏறியது.

இதில் இன்னொரு பாதி இருக்கிறது. மருத்துவர் கூட்டி எழுதிய அளவை, அவர் பழைய அளவுக்கே குறைத்தார். மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்துத்தானே கூட்டியிருந்தார்? போடாத மாத்திரை எப்படி வேலை செய்யும்? கூட்டிய அளவை அந்த அம்மா திடீரென்று தினமும் போட ஆரம்பித்திருந்தால், உடம்பில் நீரும் பொட்டாசியமும் அளவுக்கு மீறிக் குறைந்து, தலைசுற்றி மலைச்சரிவில் விழுந்திருப்பார். ஆகவே "போடவில்லை" என்ற ஒரு சொல் மருத்துவரின் காதுக்குப் போய்ச் சேர்வது உயிர் காக்கும் விஷயம். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் பெரும்பாலும் செவிலியர்தான்.

மருந்து மேலாண்மை என்று நர்சிங் பாடங்களில் வரும் சொல்லை எளிதாகச் சொன்னால் இவ்வளவுதான்: எழுதிய மருந்து எழுதிய அளவில் நோயாளியின் உடலுக்குள் போகிறதா, போனபின் அங்கே என்ன செய்கிறது என்று விடாமல் கவனிப்பது. எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவெடுப்பவர் மருத்துவர். அதைச் சரிபார்த்து வழங்குபவர் மருந்தாளுநர். சீட்டிலிருந்து நாக்கு வரையிலான தூரத்தையும், அதற்குப் பிந்தைய நாட்களையும் பார்த்துக்கொள்பவர் செவிலியர். வீட்டில் இதய நோயாளி இருக்கும் குடும்பத்தாருக்காகவும், நர்சிங் படிப்பில் காலெடுத்து வைத்திருக்கும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

வார்டில் நடப்பது

மருத்துவமனையில் ஒவ்வொரு மருந்தையும் கொடுக்கும் முன் ஐந்து கேள்விகளை மனத்துக்குள் ஓட்டச் சொல்லிக் கொடுப்பார்கள். சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா. கேட்கும்போது குழந்தைப் பாடம்போல இருக்கும். ஒரே வார்டில் இரண்டு லட்சுமிகள், மூன்று ராஜுக்கள் படுத்திருக்கும் நாளில்தான் அதன் அருமை தெரியும். நீலகிரியில் படுகர் ஊர்களில் ஒரே பெயர் பல வீடுகளில் இருக்கும். பெயரோடு ஊர்ப்பெயர், அப்பா பெயர், கையில் கட்டிய அட்டையின் எண் எல்லாம் பார்த்த பிறகே மாத்திரை கைமாற வேண்டும். "நீங்கள்தானே ராஜு?" என்று கேட்கக்கூடாது, அரைத்தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும்.

அளவு என்ற மூன்றாவது கேள்வியில் நான் பணிக்குச் சேர்ந்த புதிதில் தவறவிருந்தேன். ஹெபாரின் என்பது இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசி மருந்து. அது 5 மி.லி. குப்பிகளில் வரும். ஒரு வகைக் குப்பியில் ஒரு மி.லி.க்கு 1000 யூனிட், இன்னொன்றில் ஒரு மி.லி.க்கு 5000 யூனிட். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். 5000 யூனிட் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். முதல் வகை என்று நினைத்து 5 மி.லி.யையும் உறிஞ்சினேன். கையிலிருந்ததோ இரண்டாம் வகை. உள்ளே போயிருந்தால் 25,000 யூனிட், ஐந்து மடங்கு. கூட இருந்த மூத்த சிஸ்டர் குப்பியைக் கையில் வாங்கி விளக்கு வெளிச்சத்தில் லேபிளை உரக்கப் படித்தார். அன்று அவர் என்னைத் திட்டவில்லை. ஊசியைக் கொட்டிவிட்டு, மறுபடி கணக்குப் போடச் சொன்னார். ஹெபாரின், பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின் போன்ற மருந்துகளை இரண்டு பேர் தனித்தனியே சரிபார்க்க வேண்டும் என்ற விதியை நேரம் தின்னும் சடங்கு என்று நினைக்கும் புதிய பிள்ளைகளிடம் இதை இப்போதும் சொல்கிறேன். பொட்டாசியம் குளோரைடை நேராக இரத்தக் குழாயில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றே போகும். அதைக் கரைத்து, மெதுவாக, கண்காணிப்போடுதான் ஏற்ற வேண்டும்.

எந்த மாத்திரையில் எதைப் பார்ப்பது

இதய நோயாளியின் பையில் சராசரியாக ஐந்தாறு அட்டைகள் இருக்கும். எல்லாவற்றையும் "ஹார்ட் மாத்திரை" என்று ஒரே பெயரில் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொன்றின் வேலையும் வேறு, ஒவ்வொன்றிலும் செவிலியர் தேடும் அறிகுறியும் வேறு.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்பவை. மாரடைப்பு வந்து, அடைத்த குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழல் வைத்தவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பெரும்பாலும் ஓராண்டு கொடுப்பார்கள். இடையில் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். பல் பிடுங்கப் போகும்போது, ஊரில் யாரோ சொன்னார்கள் என்று நான்கு நாள் நிறுத்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிறுத்தலாமா வேண்டாமா என்று இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மலம் தார்போலக் கறுத்தால், ஈறில் இரத்தம் நிற்காமல் கசிந்தால் உடனே சொல்லச் சொல்வோம். ஆஸ்பிரினில் ஒரு சின்னச் செய்தி: ஈரம் பட்டால் அது சிதைந்து காடி வாடை வீசும். மழைக்காலத்தில் சுவரெல்லாம் நீர் கசியும் நம் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. அட்டையைப் பிரித்ததும் புளித்த வாடை வந்தால் அந்த மாத்திரை வேண்டாம். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் ஈரம் ஏறாதென்று சிலர் வைப்பார்கள். அந்தச் சூடும் மாத்திரைக்கு ஆகாது. மூடியுள்ள டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்தால் போதும்.

கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடினில் கவனிக்க வேண்டியது தசைவலி. கூடை சுமப்பவர்களுக்கு உடம்பு வலி புதிதல்ல. வேலை செய்யாத நாளிலும் இரு தொடையும் வலிக்கிறதா, சிறுநீர் கறுத்துப் போகிறதா என்று தனியாகக் கேட்டால்தான் பிரித்தறிய முடியும்.

மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்றவை இதயத்துடிப்பை நிதானப்படுத்துபவை. வார்டில் இவற்றைக் கொடுக்கும் முன் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்ப்போம். நாடி நிமிடத்துக்கு 60-க்குக் கீழே இருந்தாலோ, மேல் அழுத்தம் 100-க்குக் கீழே இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் கொடுப்பதில்லை. இந்த மாத்திரைகளுக்கு மலையில் ஒரு தனித் தொல்லை உண்டு. இவை சிலருக்குக் கைகால் விரல்களைக் குளிரச் செய்யும். டிசம்பர், ஜனவரியில் உதகையில் புல்மேல் உறைபனி படியும் நாட்களில் விரல் விறைத்துப்போவதாகச் சொல்லி மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுவது இயல்பு. அழுத்தம் ஏறும் அதே மாதத்தில் அதை அடக்கும் மாத்திரையும் நின்றுபோகிறது. திடீரென்று நிறுத்தினால் துடிப்பு துள்ளிக்கொண்டு எழும், நெஞ்சுவலியே வரலாம். கம்பளிக் கையுறை, காலுறை போடச் சொல்லி, மருத்துவரைப் பார்க்கும் வரை நிறுத்த வேண்டாம் என்று சொல்வதற்குள் பாதிக் குளிர்காலம் போய்விடும். அதனால் நவம்பரிலேயே எங்கள் நோயாளிகளிடம் பேச ஆரம்பித்துவிடுவேன்.

எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவை இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைப்பவை. இவற்றால் சிலருக்குச் சளியில்லாத வறட்டு இருமல் வரும். சமவெளியில் இதை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். மஞ்சு இறங்கும் மலையில் வீட்டுக்கு இரண்டு பேர் இருமிக்கொண்டிருப்பதால் யாரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. கடையில் இருமல் சிரப் வாங்கிக் குடிப்பார்கள். மூக்கடைப்புக்கான மருந்து கலந்த சில சிரப்புகள் இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆகவே செவிலியர் கேட்க வேண்டிய கேள்வி: "இருமல் எப்போது தொடங்கியது? இந்த அட்டை வருவதற்கு முன்பா, பின்பா?" பின்பு என்றால் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றுவார், இருமல் சில வாரங்களில் நின்றுவிடும். இந்த மாத்திரைகளின் முதல் சில நாட்களில் எழுந்ததும் தலை கிறங்கலாம். லயன் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் கழிப்பறை வெளியே, படிகளுக்குக் கீழே இருக்கும். இரவில் எழுந்தால் கட்டிலிலேயே இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துப் போங்கள் என்று சொல்லி அனுப்புவோம்.

நீர் மாத்திரைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதைக் கண்காணிக்க எந்த ஊசியும் தேவையில்லை, ஓர் எடை இயந்திரம் போதும். தோட்டத்து மக்களுக்கு இதைப் புரியவைக்க நான் இலை நிறுவையைத்தான் சொல்வேன். மழையில் நனைந்த கொழுந்தை நிறுக்கும்போது, தண்ணீருக்கென்று சில கிலோவைக் கழித்துத்தானே கணக்கு எழுதுகிறார்கள்? இலை கூடவில்லை, ஈரம் கூடியிருக்கிறது என்று நிறுப்பவருக்குத் தெரியும். உங்கள் உடம்பும் அப்படித்தான். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் நின்று பார்த்து எழுதி வையுங்கள். எடை ஏறினால் மூச்சு முட்டும் வரை காத்திருக்காமல் வாருங்கள். எடை இயந்திரம் இல்லாத வீடுகளில், மலைக்குப் போட்டுப் போகும் ரப்பர் பூட்ஸ் திடீரென்று இறுக்கினால் அதையே அறிகுறியாகக் கொள்ளச் சொல்கிறேன். கருவாடும் ஊறுகாயும் நீர் மாத்திரையோடு மல்லுக்கட்டுபவை. உப்பு தண்ணீரை உடம்பில் பிடித்துவைக்கும்.

டைஜாக்சின் இதயத்தின் பிடிப்பைக் கூட்டி, தாறுமாறான துடிப்பை நிதானப்படுத்தும் பழைய மருந்து. நரிக்கையுறை என்று சொல்லக்கூடிய டிஜிட்டாலிஸ் செடிகளின் இலையிலிருந்து வந்தது. அந்த இலை உடலில் நீர் கோத்து வரும் வீக்கத்துக்குப் பயன்படுவதை 1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் விரிவாக எழுதினார். மணிமணியாக ஊதாப் பூ தொங்கும் அந்தச் செடியைக் குளிர்ந்த மலைத் தோட்டங்களில் அழகுக்காக வளர்ப்பார்கள். இலையை மருந்தென்று எண்ணி வாயில் வைத்துவிடாதீர்கள், அது நஞ்சு. நம் மலைக்கும் இதய மருந்துக்கும் வேறொரு பழைய உறவும் உண்டு. 1860-களில் நீலகிரியில் சிங்கோனா மரங்கள் நடப்பட்டன, நடுவட்டத்தில் மலேரியாவுக்கான கொய்னா தயாரித்தார்கள். அதே பட்டையில் இருக்கும் குயினிடின் என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுங்கற்ற இதயத்துடிப்புக்கு மருந்தாகப் பயன்பட்டது.

டைஜாக்சினில் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள வரப்பு மிகக் குறுகலானது. அதனால் கொடுக்கும் முன் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணுவோம். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே கூடாது, துடிப்பு சீராக இல்லாதவர்களுக்குத்தானே இந்த மருந்து? 60-க்குக் கீழே போனால் நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்வோம். பசியின்மை, குமட்டல், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது ஆகியவை அளவு மீறியதன் அடையாளங்கள். நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்திருந்தால், சரியான அளவே கூட நஞ்சாகிவிடும். பல மருத்துவர்கள் வாரத்தில் ஐந்து நாள் மட்டும் போட்டு, சனி ஞாயிறு விடச் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு இதை எப்படிச் சொல்வது? தினசரிக் காலண்டரில் சனி, ஞாயிறு தாள்களின் மூலையை மடித்துக் கொடுத்தேன். மடிப்பு வந்தால் அந்த மாத்திரை இல்லை. அவர் ஒரு நாளும் தவறவில்லை.

கோஸ் தோட்டமும் ஐ.என்.ஆர். எண்ணும்

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளான வார்ஃபரின், அசினோகூமரால் ஆகியவற்றுக்குத் தனியாகக் கொஞ்சம் இடம் கொடுத்தே ஆக வேண்டும். செயற்கை வால்வு பொருத்தியவர்கள், இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிப்பவர்கள் இவற்றைச் சாப்பிடுவார்கள். இரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்பதை ஐ.என்.ஆர். என்ற எண்ணால் அளப்பார்கள். மருந்தே சாப்பிடாதவருக்கு அது ஏறக்குறைய 1. இந்த நோயாளிகளில் பலருக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் வால்வு உலோக வால்வாக மாற்றப்பட்டவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை. குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும், மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும். கூடினால் எங்காவது இரத்தம் கசியும்.

இந்த மருந்து வைட்டமின் கே-யைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. அந்த வைட்டமின் அதிகம் உள்ளவை கீரை, முட்டைக்கோஸ், புரோக்கோலி. அதாவது, நம் மலையில் விளைபவை. கீரையை அறவே தொடாதீர்கள் என்று சிலர் சொல்லி அனுப்புகிறார்கள். கீரையில்லாமல் சாப்பாடே இல்லாத வீட்டில் அது நடக்கிற காரியமா? நடக்கவும் வேண்டாம். தேவை, ஒரே அளவாகச் சாப்பிடுவது. தினமும் ஒரு கைப்பிடி கீரை சாப்பிடுபவர் தினமும் அதே ஒரு கைப்பிடி சாப்பிடட்டும். அதற்கேற்ற மாத்திரை அளவை மருத்துவர் வைப்பார். தொல்லை வருவது கோஸ் விலை சரியும் வாரத்தில். விற்காத கோஸ் வீட்டுக்கு வரும், இரண்டு வாரம் காலை மாலை அதுவே கறி. அடுத்த பரிசோதனையில் எண் 1.4 என்று வந்து நிற்கும். ஏன் என்று தெரியாமல் மாத்திரையைக் கூட்டினால், கோஸ் தீர்ந்த வாரத்தில் எண் 5-ஐத் தொட்டுவிடும். ஐ.என்.ஆர். எண்ணை எழுதும்போதே, "இந்த இரண்டு வாரம் வீட்டில் என்ன சமைத்தீர்கள்?" என்று கேட்டு அதையும் பக்கத்தில் எழுதுவது என் வழக்கம்.

இந்த மாத்திரைகளை நாள்தோறும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் மாலையில் போடச் சொல்வார்கள். ஒரு நாள் 2 மி.கி., மறுநாள் 3 மி.கி. என்று மாறி மாறி எழுதியிருந்தால் வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக் குறித்து வைக்க வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக்கூடாது. ஆன்டிபயாடிக் மாத்திரைகள் பல இந்த எண்ணைத் தூக்கிவிடும்; எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சாப்பிடுவதை முதலில் சொல்ல வேண்டும்.

வால்வு கெட்டவர்களில் இளம் வயதினர் பலரின் கதை, சிறு வயதில் கவனிக்காமல் விட்ட தொண்டை அழற்சியில் தொடங்கியது. அதனால் வரும் வாதக் காய்ச்சல் இதய வால்வுகளைத் தின்றுவிடும். மறுபடி வராமலிருக்க 21 நாளுக்கு ஒருமுறை பென்சத்தீன் பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போட வேண்டும். வலிக்கும் ஊசி. பள்ளிப் பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள். யார் எந்தத் தேதியில் வர வேண்டும் என்று பதிவேடு வைத்து, வராதவர்களைத் தேடிப் பிடிப்பது செவிலியரின் வேலை. ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் பக்கத்தில் இல்லாமல் இந்த ஊசியைத் தொடக்கூடாது.

மஞ்சள் பையைக் கொட்டிப் பார்ப்பது

அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி அனுப்புகிறது. கோவையில் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை முடித்து வருபவர் ஒரு கம்பெனியின் அட்டையோடு வருவார். இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மருந்து வேறு நிறத்தில், வேறு பெயரில் கிடைக்கும். இரண்டும் வேறு வேறென்று நினைத்து இரண்டையும் சாப்பிடுவார். நாடி 44-க்கு இறங்கி மயங்கி விழுந்த ஒரு அண்ணனின் பையைக் கொட்டிப் பார்த்தபோது, மூன்று அட்டைகளில் மெட்டோபுரோலால் இருந்தது.

எனவே, வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வரச் சொல்லுவோம். மேசையில் கொட்டி, எதற்கு எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று அவர்களையே சொல்லச் சொல்லுவோம். நாம் விளக்கிவிட்டு "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிந்தது சிஸ்டர்" என்பார்கள். "வீட்டில் உங்கள் மருமகளுக்கு எப்படிச் சொல்வீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். எந்த மொழியில் கேட்கிறோம் என்பதும் பெரிது. படுகு பேசும் பாட்டியிடம் படுகில் நாலு வார்த்தை கேட்டால் முகமே மாறுகிறது. கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியர்களாக இருக்கிறார்கள். தன் இனத்துப் பெண் தன் மொழியில் கேட்கும்போது மறைக்க என்ன இருக்கிறது?

பையில் நான் முதலில் தேடுவது வலி மாத்திரை. கொழுந்துக் கூடை சுமந்த முதுகுக்கும் படியேறிய முழங்காலுக்கும் டைக்ளோஃபெனாக்கும் இப்யூபுரூஃபனும் பெட்டிக்கடை வரை கிடைக்கின்றன. இவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கும், சிறுநீரகத்தை வாட்டும், வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியச் செய்யும். இப்யூபுரூஃபன் ஆஸ்பிரினின் வேலையையே தடுத்துவிடும். இதய நோயாளிக்கு இவற்றைப் போல எதிரி வேறில்லை என்று நான் அழுத்தியே சொல்வேன். வலிக்கு வேறு வழி உண்டு, மருத்துவரைக் கேளுங்கள்.

வீடு தேடி வருபவர்களையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் தன்னார்வலரிடம் போன மாதத்து மிச்ச மாத்திரையைக் காட்ட வெட்கப்பட வேண்டாம். மிச்சம் இருப்பது அவருக்குத் தேவையான செய்தி.

நெஞ்சு வலிக்கும்போது

நெஞ்சுவலியைத் தணிக்கும், சார்பிட்ரேட் என்று அறியப்படும் 5 மி.கி. மாத்திரையை நெஞ்சுவலிக்காரர்கள் எப்போதும் மேலோடு வைத்திருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் இருந்தால் மலையில் வலிக்கும்போது உதவாது. சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ இருக்கட்டும். வலி வந்தால் முதலில் உட்காருங்கள். நின்றபடி வைத்தால் அழுத்தம் இறங்கி விழுந்துவிடலாம். மாத்திரை நாக்குக்கு அடியில் கரைய வேண்டும். சுடுதேநீரோடு விழுங்கிவிட்டு, "கேட்கவில்லை" என்று வந்தவர்கள் உண்டு. ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 108. ஆண்களிடம் தனியே அழைத்து ஒன்று கேட்போம்: தாம்பத்தியத்துக்காக சில்டெனாஃபில் போன்ற மாத்திரை போட்டீர்களா? போட்டிருந்தால் சார்பிட்ரேட் கொடுக்கக்கூடாது, அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். மனைவி, பிள்ளைகள் முன்னால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள் என்பதால்தான் தனியே.

உதகையிலிருந்து கோவைக்கு மலைப்பாதையில் மூன்று மணி நேரம் ஆகும். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம் இப்படிப்பட்ட ஊர்களுக்காகவே போட்டதுபோல இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் 300 மி.கி. ஆஸ்பிரின், 300 மி.கி. குளோபிடோக்ரெல், 80 மி.கி. அடோர்வாஸ்டாடின் ஆகியவற்றை முதலிலேயே கொடுத்து அனுப்புகிறார்கள். சிறு அளவு மாத்திரைகளாகக் கொடுப்பதால், எண்ணிப் பார்த்தால் 14 மாத்திரைகள். ஒரே நேரத்தில் இத்தனையா என்று குடும்பத்தார் பயப்படுவார்கள், தடுப்பவர்களும் உண்டு. கொடுக்கும் செவிலியர், வயிற்றுப்புண்ணில் இரத்தம் கசிந்ததுண்டா, சமீபத்தில் பக்கவாதம் வந்ததா, இந்த மருந்துகளில் ஒவ்வாமை உண்டா என்று கேட்டபிறகுதான் கொடுக்கிறார். அந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில் வேண்டும்.

பெரிய மருத்துவமனையில் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற மருந்தை ஏற்றலாம். 15 லட்சம் யூனிட், ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் செவிலியர் படுக்கையை விட்டு நகரமாட்டார். அழுத்தம் சரிகிறதா, மேல் அரிக்கிறதா, பேச்சு குழறுகிறதா, ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்கவில்லையா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

மழைக்கு முன்

2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, உதகைப் பக்கங்களில் மண் சரிந்து பல உயிர்கள் போயின, சாலைகள் அடைபட்டன. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வடகிழக்குப் பருவத்திலும் எங்காவது ஒரு பாதை மூடத்தான் செய்கிறது. அக்டோபர் பிறந்ததும் உங்கள் மாத்திரைகளை எண்ணுங்கள். குறைந்தது 15 நாளுக்குக் கூடுதலாகக் கையில் இருக்கும்படி செவிலியரிடமும் மருந்தாளுநரிடமும் சொல்லி வாங்கி வையுங்கள். புதிதாக வாங்கியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் அடுக்கி, பழையதை முதலில் தீருங்கள்.

108-ஐ அழைக்கும்போது ஊர்ப்பெயரோடு தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஆகியவற்றையும் சொல்லுங்கள். மஞ்சு மூடிய இரவில் ஓட்டுநருக்கு வழிகாட்டுவது அதுதான். நோயாளியோடு மாத்திரைப் பையையும், கடைசி ஐ.என்.ஆர். எழுதிய சீட்டையும் வண்டியில் ஏற்றுங்கள். இன்று எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதைத் தெரிந்த ஒருவர் கூட ஏறட்டும்.